எம்-2 பேப்பரிலிருந்து இரண்டு யூனிட்டை எடுத்துவிடுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தன்னாட்சிப் பொறியியல் கல்லூரிகளின் கணித போர்டு ஆஃப் ஸ்டடீஸ் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்

வணக்கம்.

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுப்பவள் நான். எஸ் அண்ட் ஹெச், அதாவது சயன்ஸ் அண்ட் ஹியுமானிட்டீஸ் டிபார்ட்மென்ட். சிவில், மெக்கானிக்கல், டிரிபிள் ஈ, ஈசிஇ என்று எதில் சேர்ந்தாலும் முதல் இரண்டு செமஸ்டரும் எங்களைத் தாண்டித்தான் பசங்க போக வேண்டும். அதில் எம்-2 என்று அவர்கள் சொல்லும் இரண்டாம் செமஸ்டர் கணிதப் பேப்பரைப் பற்றித்தான் இந்த மடல்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்குக் கடைசிவரை படிக்க நேரம் இருக்காது என்று தெரியும். அந்தப் பேப்பரில் கலப்பெண் சார்புகளுக்கென்று (காம்ப்ளெக்ஸ் ஃபங்ஷன்ஸ்) இருக்கும் இரண்டு யூனிட்டையும் எடுத்துவிடுங்கள். தேவைப்படும் பிரிவுகளுக்கு அவற்றை மூன்றாம் செமஸ்டரில் வையுங்கள். அதனால் மிச்சமாகும் மணிகளை இரட்டைத் தொகையீட்டுக்கும் வெக்டர் கால்குலஸுக்கும் கொடுங்கள். புதுப் புத்தகம் வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டவே வேண்டாம்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், செய்யக்கூடிய அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. தன்னாட்சி பெற்ற கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம், தேர்வையும் தானே நடத்தலாம். பட்டம் மட்டும்தான் தாய்ப் பல்கலைக்கழகம் கொடுப்பது. இருந்தும் என் கண்ணில் பட்ட பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. 2018ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. அதை எடுத்துப் பாடக் குறியீட்டை மட்டும் மாற்றி, ஒன்றிரண்டு தலைப்பை முன்பின்னாக்கி, மினிட்ஸில் கையெழுத்துப் போட்டதுபோலத்தான் இருக்கிறது. தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தான் அது மாதிரியாக வந்தது. மாற்றத்தான் ஆளில்லை.

அந்த மாதிரியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் தவிர்த்த பிரிவுகளுக்கான கணிதம்-2க்கு 40 விரிவுரை மணி. முதல் பகுதிக்கு 10 மணி. அந்தப் பத்துக்குள் இரட்டைத் தொகையீடு, தொகையிடும் வரிசையை மாற்றுவது, கார்ட்டீசியனிலிருந்து போலாருக்குப் போவது, பரப்பு, கன அளவு, நிறை மையம், டிரிபிள் இன்டக்ரல், வளைகோட்டு ஆயங்கள், லைன் இன்டக்ரல், சர்ஃபேஸ் இன்டக்ரல், இதெல்லாம் முடிந்து கிரீன், காஸ், ஸ்டோக்ஸ் மூவரின் தேற்றங்களும் வர வேண்டும். அடுத்து 6 மணி முதல்வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள். அதன் பின் 8 மணியில் உயர்வரிசைச் சமன்பாடுகளும் பவர் சீரிஸும் லெஜாந்தரும் பெஸ்ஸலும். (பெஸ்ஸலைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம், இப்போது வேண்டாம்.) கடைசியில் கலப்பெண் சார்புகள்: வகையிடலுக்கு 8 மணி, தொகையிடலுக்கு 8 மணி.

இது காகிதக் கணக்கு. நாற்பது என்பது நாற்பதாக என் கைக்கு வந்ததே இல்லை. இன்டர்னல் தேர்வுகள், சிம்போசியம், ஸ்போர்ட்ஸ் டே, கல்லூரி ஆண்டு விழா, அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நடக்கும் ஒத்திகை, பிளேஸ்மென்ட் செல் நடத்தும் ட்ரெயினிங், இடையில் பொங்கல் விடுமுறை. கவுன்சிலிங் தள்ளிப்போன வருடமென்றால் முதல் செமஸ்டர் தாமதமாகத் தொடங்கித் தாமதமாக முடியும். அந்த இழப்பையெல்லாம் இரண்டாம் செமஸ்டர் தலையில்தான் கட்டுவார்கள். வாரம் ஒரு டுட்டோரியல் இருக்கிறதே என்பீர்கள். டுட்டோரியல் என்று டைம்டேபிளில் எழுதியிருக்கும், போர்டில் நடப்பது போர்ஷன். பாடம் முடியவில்லை என்று லாக் புக்கில் எழுத யாருக்கும் துணிவில்லை.

வேகமாக நடத்தினால் என்ன கெட்டுப்போகிறது என்பதை ஒரே ஒரு கணக்கை வைத்துக் காட்டுகிறேன். எம்-1, எம்-2 என்று கணிதப் பேப்பர் எடுத்த எல்லோருக்கும் தெரிந்த இரட்டைத் தொகையீட்டுக் கணக்குதான் இது. எக்ஸ் பூஜ்யத்திலிருந்து 1 வரை. ஒய், எக்ஸ் ஸ்கொயரிலிருந்து 2 மைனஸ் எக்ஸ் வரை. உள்ளே எக்ஸ் பெருக்கல் ஒய். வரிசையை மாற்றி மதிப்புக் காண்க. விடை எட்டில் மூன்று.

என் வகுப்பில் ஒரு பையன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கும், கணக்கில் சுணக்கமில்லை. இந்தக் கணக்குக்கு அவன் வரைந்த பரவளையம் சரி, நேர்கோடு சரி, இரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்ற புள்ளியில் வெட்டிக்கொள்வதும் சரி. நிழலிட்டது மட்டும் தப்பான இடத்தில். பரவளையத்துக்கு மேலே, நேர்கோட்டுக்குக் கீழே, ஒய்-அச்சை ஒட்டி இருக்கும் துண்டைத்தான் நிழலிட வேண்டும். அவன் பரவளையத்துக்கும் எக்ஸ்-அச்சுக்கும் நடுவே நிழலிட்டிருந்தான். சோம்பேறித்தனத்தில் செய்ததில்லை அது. வளைவரைக்கும் எக்ஸ்-அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு என்றுதான் பன்னிரண்டாம் வகுப்பில் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு வருகிறார்கள். பழகிய கை பழகிய இடத்துக்கே போனது.

நிழலைத் திருத்தியதும் அவன் கேட்டதுதான் முக்கியம். "மேம், மெட்டீரியல்ல இத ரெண்டா பிரிச்சிருக்காங்க. முந்தின கணக்குல பிரிக்கல. எப்பப் பிரிக்கணும்னு எப்படித் தெரியும்?"

ஸ்கேலை எடுத்து அவன் படத்தின் மேல் கிடையாக வைக்கச் சொன்னேன். அடியிலிருந்து மெல்ல மேலே நகர்த்தச் சொன்னேன். இடப்பக்கம் ஸ்கேல் எப்போதும் ஒய்-அச்சில்தான் தொடங்குகிறது. வலப்பக்கம் உயரம் 1 வரும்வரை பரவளையத்தில் முடிகிறது. 1ஐத் தாண்டியதும் நேர்கோட்டில் முடிகிறது. இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தான். "மேல போனதும் முடியற கோடு மாறுது மேம். அதான் ரெண்டு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு துண்டின் லிமிட்டையும் அவனே எழுதினான். கீழ்த்துண்டுக்கு ஆறில் ஒன்று, மேல்துண்டுக்கு இருபத்துநாலில் ஐந்து, கூட்டினால் எட்டில் மூன்று. அடுத்த கணக்கில் செங்குத்தாக வைக்கலாமா கிடையாக வைக்கலாமா என்று அவனே யோசிக்க ஆரம்பித்தான்.

ஒரு பீரியடில் பாதி இதற்கே போனது. பக்கத்தில் எட்டிப் பார்த்த நாலைந்து பேருக்கும் சேர்த்துப் புரிந்திருக்கும். செக்‌ஷனில் மொத்தம் அறுபது பேர். லெசன் பிளானில் அந்த ஒரு மணிக்கு எழுதியிருந்தது, வரிசை மாற்றம் முழுவதும், கூடவே போலாருக்கு அறிமுகம். நான் ஸ்கேலோடு நின்றிருந்த நேரத்தில், பக்கத்து செக்‌ஷனில் சார் மூன்று மாடல் கணக்கைப் போட்டுக் காட்டி போலாருக்குப் போய்விட்டார். காகிதப்படி பார்த்தால் அவர் சரி, நான் பின்தங்கியவள்.

அந்த ஸ்கேல் நகரும் நேரம்தான் இந்தப் பேப்பரின் உயிர் என்று நான் நினைக்கிறேன். எந்தப் பகுதியின் மேல் தொகையிடுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், டிரிபிள் இன்டக்ரல் அதன் நீட்சி, சர்ஃபேஸ் இன்டக்ரல் அதன் வளைந்த வடிவம், காஸ் தேற்றம் இரண்டையும் இணைக்கும் கணக்கு. தெரியாவிட்டால் பதினொரு தலைப்பும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய பதினொரு செய்முறை. பத்து மணியில் பதினொரு தலைப்பு என்று வைத்துவிட்டு, மாணவன் மனப்பாடம் செய்கிறான் என்று நாமே குறைபட்டுக்கொள்கிறோம்.

மனப்பாடத்தைத் தேர்வும் வளர்க்கிறது. "காஸ் தேற்றத்தைச் சரிபார்க்க" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அலகுக் கனசதுரம். வெக்டர் 4 எக்ஸ் இசட் ஐ, மைனஸ் ஒய் ஸ்கொயர் ஜே, பிளஸ் ஒய் இசட் கே. ஆறு முகத்துக்கும் ஆறு தொகையீடு, இன்னொரு பக்கம் ஒரு டிரிபிள் இன்டக்ரல், இரண்டும் இரண்டில் மூன்று என்று வரும். பார்ப்பதற்குப் பெரிய கேள்வி. ஆனால் ஆறு முகத்துக்கும் ஒரு டேபிள் இருக்கிறது, ஜெராக்ஸ் கடையில் விற்கும் மெட்டீரியலிலும் லோக்கல் ஆத்தர் புத்தகத்திலும் அதே டேபிள்தான். அதை அப்படியே இறக்கிவைத்தால் மார்க். முழு மார்க் எழுதிய பெண் ஒருத்தியிடம், மைனஸ் ஐ என்று எந்த முகத்துக்கு எழுதினாய், ஏன் மைனஸ் என்று கேட்டேன். "பின்பக்கம் மேம், அதுக்கு மைனஸ்தான் போடுவாங்க" என்றாள். வெளிநோக்கிய திசை என்று ஒன்று இருப்பதே அவளுக்குச் சொல்லப்படவில்லை. சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் கேட்கிறேன்.

ஒரு இடைச்செருகல். ஸ்டோக்ஸ் தேற்றம் முதன்முதலில் அச்சேறியதே ஒரு கேள்வித்தாளில்தான். 1854ல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வுக்கு ஸ்டோக்ஸ் அதைக் கேள்வியாகப் போட்டார். அதற்கு நாலு வருடம் முன்பே கெல்வின் ஒரு கடிதத்தில் அவருக்கு அதை எழுதியிருந்தார். அந்தத் தேர்வை எழுதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் மேக்ஸ்வெல். பின்னாளில் மின்காந்தவியலை எழுதியபோது அதே தேற்றத்தைக் கையில் எடுத்தார். தேர்வுக் கேள்வி என்பதே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

ஈசிஇயிலும் டிரிபிள் ஈயிலும் பின்னால் ஃபீல்ட்ஸ் எனும் மின்காந்தப் புலங்கள் பேப்பர் வரும்போது நடப்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். எங்கள் காரிடாரில் அந்தப் பேப்பர் எடுக்கும் சார் வருடாவருடம் ஒரே புலம்பல். "நீங்க டைவர்ஜன்ஸ் நடத்துனீங்களா இல்லையா மேடம்? ஃப்ளக்ஸ்னா என்னன்னு கேட்டா முழிக்கறாங்க." நடத்தினேன். எம்-2வில் பாஸும் ஆகியிருக்கிறார்கள். ஆனாலும் அவர் தன் முதல் யூனிட்டில் பாதியை எடுத்து அதே கிரீன், காஸ், ஸ்டோக்ஸை மறுபடி நடத்துகிறார், அதனால் அவர் பாடம் பின்தங்குகிறது. ஒரே விஷயத்துக்கு இரண்டு டிபார்ட்மென்ட் சம்பளம் கொடுக்கிறோம், இரண்டு இடத்திலும் அரைகுறை.

எடுக்கச் சொல்லும் பகுதிக்கு வருகிறேன். கலப்பெண் சார்புகள் எனக்குப் பிடித்த பாடம், எம்.எஸ்சி.யில் நான் விரும்பிப் படித்தது. அதனால்தான் அதை இப்படி நடத்த மனம் வரவில்லை. மாதிரிப் பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். கோஷி-கூர்சா தேற்றம், நிரூபணம் இல்லாமல். கோஷியின் தொகையீட்டுச் சூத்திரம், நிரூபணம் இல்லாமல். லியூவில், மேக்ஸிமம் மாடுலஸ், நிரூபணம் இல்லாமல். ரெசிட்யூ தேற்றம், நிரூபணம் இல்லாமல். பொறியியல் மாணவனுக்கு நிரூபணம் கட்டாயம் என்று வாதாடவில்லை. ஆனால் நிரூபணமும் இல்லாமல், படமும் இல்லாமல், செமஸ்டரின் கடைசி வாரங்களில் ஓட்டமாக ஓடி முடித்தால் மிஞ்சுவது என்ன? 1 கீழ் 2 பிளஸ் கொசைன் தீட்டா, அதன் தொகையீடு பூஜ்யத்திலிருந்து 2 பை வரை. மாணவன் இசட் பிரதியிடுகிறான், இரண்டு துருவம் கண்டுபிடிக்கிறான், ஒன்றை அடித்துவிடுகிறான், 2 பை கீழ் ரூட் 3 என்று கோடு போட்டு முடிக்கிறான். ஏன் ஒன்றை அடித்தாய் என்றால் "வட்டத்துக்கு வெளிய". எந்த வட்டம், அது எங்கிருந்து வந்தது என்றால் பேச்சில்லை. இலையில் சாம்பார் சோறு அப்படியே இருக்கப் பாயசத்தை ஊற்றிவிட்டு, பந்தி முடிந்தது எழுந்திரு என்கிற கதை.

அமெரிக்காவைக் காட்டி மிரட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கூட்டங்களில் "குளோபல் ஸ்டாண்டர்டு" என்ற பேச்சு அடிபடும். எம்ஐடியில் 18.02 என்பது பன்மாறி நுண்கணிதம், 18.03 வகைக்கெழுச் சமன்பாடுகள், 18.04 கலப்பெண் மாறிகள். மூன்றும் தனித்தனிப் பாடங்கள், ஒவ்வொன்றும் ஒரு முழுப் பருவம். நம் எம்-2 இந்த மூன்றிலிருந்தும் அள்ளி 40 மணியில் போட்டிருக்கிறது. அங்கேயும் வேகமான வகுப்பு இல்லாமல் இல்லை. 18.01ஏ, 18.02ஏ என்று ஒரு துரித வழி உண்டு. பள்ளியிலேயே ஒரு வருடம் கால்குலஸ் படித்துவிட்டு வந்தவர்களுக்கானது அது, வேண்டியவர்கள்தான் எடுக்கிறார்கள். இங்கே துரித வழி மட்டும்தான் இருக்கிறது, அதில் எல்லோரும் போக வேண்டும்.

எல்லோரும் என்றால் யார் யார்? சிபிஎஸ்இயில் படித்து ஜேஇஇ கோச்சிங்கும் போய்வந்தவன் ஒரு பெஞ்சு. வொக்கேஷனல் குரூப்பிலிருந்து வந்தவன் அடுத்த பெஞ்சு. நடுவில் பெரும்பான்மை, நம் மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்குத் தொகையிடல் அறிமுகமாவது பதினொன்றாம் வகுப்பில். அந்த வகுப்பை மேலோட்டமாக முடித்துவிட்டு நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குப் போகும் பள்ளிகள் எத்தனை இருந்தன என்பது ஊரறிந்தது. 2017-18ல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைக்கும் பகுதித் தொகையிடலை முதலாண்டில் முதல்முறை பார்ப்பதுபோல் பார்க்கும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. இரட்டைத் தொகையீடு என்பது அதே வேலையை இரண்டு முறை செய்வது. ஒருமுறையே தடுமாறுகிறவனுக்கு?

"பசங்க படிக்கறதில்ல மேடம், அதுதான் பிரச்சினை" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். போனை எடுத்தால் வைப்பதில்லை, உண்மைதான். ஆனால் என் கவலை படிக்காதவனைப் பற்றியது மட்டுமில்லை. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து படித்து, யூடியூபில் யாரோ ஒருவர் இரண்டு மடங்கு வேகத்தில் போட்ட கணக்கைப் பார்த்து நோட்டில் இறக்கி, எண்பதுக்கு மேல் வாங்கி, ஒன்றும் புரியாமல் மூன்றாம் செமஸ்டருக்குப் போகிறவளைப் பற்றியும்தான். தோற்றவன் பாடு அதைவிடக் கஷ்டம். எம்-2 அரியரை ஏழாம் செமஸ்டர் வரை சுமப்பவர்கள் உண்டு. கேம்பஸ் இன்டர்வியூ நோட்டீஸில் "நோ ஸ்டாண்டிங் அரியர்" என்ற ஒரு வரி போதும், பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். மற்ற பேப்பரெல்லாம் முதல் அட்டெம்ப்டில் எழுதித் தேறியவனாக இருந்தாலும்.

உங்கள் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபங்களில் எனக்கு நியாயமாகப் படுவது கேட் எனும் பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு. மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் கேட் பாடத்திட்டங்களில் கலப்பெண் மாறிகள் இருக்கின்றன. சிவிலில் இல்லை. சரி, அந்த மூன்று பிரிவுக்கும் மூன்றாம் செமஸ்டரில் முறையாக வையுங்கள். பெரும்பாலும் கேட் எழுதப்போவது இறுதியாண்டில். அதற்குள் முதலாண்டு ஏப்ரலில் ஓடி முடித்த ரெசிட்யூவில் எவ்வளவு மிச்சமிருக்கும்? சிவில் பையனுக்கு எதற்கு இந்தச் சுமை என்பதற்கு மட்டும் யாரும் எனக்கு இதுவரை பதில் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தனிக் கணிதப் பேப்பர் போட மாதிரிப் பாடத்திட்டமே வழிகாட்டியிருக்கும்போது, சிவிலுக்கு ஒரு மாற்றம் செய்வது ஒன்றும் புரட்சி இல்லை.

அக்ரெடிடேஷனில், அதாவது கல்லூரித் தர அங்கீகாரத்தில் கேட்பார்கள், வேறு கல்லூரிக்கு மாறும் மாணவனுக்கு எக்விவலன்ஸ் சிக்கல் வரும் என்றும் சொல்வீர்கள். மாறுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுக்கு ஒரு கூடுதல் பேப்பர் எழுதவைத்துச் சரிசெய்வது நடைமுறையில் இருப்பதுதான். அக்ரெடிடேஷன் குழு கேட்பது கோர்ஸ் அவுட்கம் நிறைவேறியதா என்று. அந்த ஃபைலை வருடாவருடம் நிரப்புகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், யூனிட் குறைந்தால் அந்த ஃபைலில் உண்மை கொஞ்சம் கூடும்.

மிச்சமாகும் 16 மணியை எப்படிப் பிரிப்பது என்றும் யோசித்துவைத்திருக்கிறேன். தொடக்கத்தில் 3 மணி பதினொன்றாம் வகுப்புத் தொகையிடல்: பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னங்கள். இதை பிரிட்ஜ் கோர்ஸ் என்று பெயர் வைத்து முதல் வாரத்தில் இண்டக்‌ஷனோடு கரைத்துவிடாமல் பாடத்துக்குள்ளேயே, மார்க்குக்கு உரியதாக வையுங்கள். 7 மணி முதல் பகுதிக்கு, அப்போது அது 17 ஆகும். 3 மணி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு. மீதி 3 மணிக்கு எதுவும் எழுத வேண்டாம். ஆண்டு விழா ஒத்திகை எப்படியும் எடுத்துக்கொள்ளும்.

கேள்வித்தாளிலும் ஒரு சின்ன மாற்றம் வேண்டும். "பகுதியை வரைந்து, இரண்டு வரிசையிலும் எல்லைகளை எழுதுக. மதிப்புக் காண வேண்டியதில்லை" என்று ஒரு பெரிய கேள்வி கட்டாயம் இருக்கட்டும். அதேபோல் காஸ் தேற்றத்தைச் சரிபார்க்கச் சொல்வதற்குப் பதிலாக, "இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டில் எது எளிது என்று சொல்லி அதை மட்டும் கணக்கிடுக" என்று கேளுங்கள். மெட்டீரியல்காரர்கள் இதற்கும் ஒரு டேபிள் போட்டுவிடுவார்கள் என்பது தெரியும். ஆனால் படத்தை மனப்பாடம் செய்வது கஷ்டம். வளைவரை மாறினால் படமும் மாறிவிடும். திருத்துகிறவர்களுக்கும் இது வசதி. இப்போது ஒரு விடைத்தாளில் ஆறு முகத்துக்கும் ஸ்டெப் மார்க் போட்டு முடிப்பதற்குள் கண் பூத்துவிடுகிறது.

இதையெல்லாம் எங்கள் டிபார்ட்மென்ட் கூட்டத்தில் சொல்லியாகிவிட்டது. "போர்டில் வைக்கிறோம்" என்றார்கள். போர்டில் இருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தேன். துறைத் தலைவர்கள், வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள், தொழில்துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர். எல்லோரும் பெரியவர்கள், மதிப்புக்குரியவர்கள். அவர்களில் சென்ற வருடம் எம்-2 வகுப்புக்குள் சாக்பீஸோடு நின்றவர் ஒருவரும் இல்லை. உங்கள் கல்லூரிப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த ரெகுலேஷனுக்கான, அதாவது புதிய பாடத்திட்டத்துக்கான கூட்டம் கூட்டும்போது முதலாண்டு எடுக்கும் ஒருவரையாவது சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடுங்கள். டிஏ கொடுக்காவிட்டாலும் வருவார்கள். வரும்போது இன்டர்னல் விடைத்தாள் கட்டு ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள், வரிசை மாற்றும் கணக்கு இருக்கும் பக்கத்தை மட்டும் புரட்டிப் பாருங்கள். எந்தத் துண்டில் நிழலிட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்த 16 மணியை எங்கே வைப்பது என்று முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
எம்-2 எடுக்கும் ஆசிரியை ஒருத்தி